மாமாவின் மாஸ்க்கில் ஒரு வாழ்வு

1

முகக்கவசம் இல்லாமல் ரயிலில் ஏறினால் அபராதம் என்று இந்த ஊரில் ஒரு காலம் இருந்தது. இப்போது என் மகள் முகக்கவசத்தோடு பள்ளிக்கு வருவதற்கு மருத்துவர் சான்று கேட்கிறார்கள்.

கேட்டவர் அவளுடைய வகுப்பாசிரியை. நல்ல பெண்மணி. "அவள் ஏற்கனவே மெதுவாகப் பேசுகிறவள். அந்தத் துணிக்குப் பின்னாலிருந்து பேசினால் எனக்கு எதுவும் கேட்பதில்லை. உடம்புக்கு அவசியம் என்றால் ஒரு சான்று கொண்டு வாருங்கள், நான் முன் பெஞ்சில் உட்காரவைத்துக்கொள்கிறேன்" என்றார். அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

யாழினி மூன்றாம் வகுப்பு. போன குளிர்காலத்தில் அவளுக்கு நிமோனியா வந்தது. ஸ்டுட்கார்ட்டின் ஒரு மருத்துவமனையில், ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருக்க, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அவள் படுத்திருந்தாள். அந்தக் குழாயை எடுத்து ஓராண்டு ஆகிறது. அவளுக்கு அது மறந்தே போய்விட்டது. எனக்கு அப்படியில்லை. அவள் பல் துலக்கும்போதும் பாடம் படிக்கும்போதும், தண்ணீர்க் குழாயை மூடிவிட்டோமா என்று காது கொடுப்பதுபோல, அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

சான்று வாங்கக் குழந்தை மருத்துவரிடம் போனோம். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் என் ஜெர்மனில் சொன்னேன். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லா இடத்திலும் ஒட்டியிருந்த சொல்தான் என் வாயில் வந்தது: விலக்கு. "முகக்கவச விலக்குச் சான்று வேண்டும்."

அவள் குழம்பினாள். "யாரும் போடச் சொல்லவில்லையே. எதிலிருந்து விலக்கு?"

"இல்லை, போடுவதற்கு."

"போடுவதற்குச் சான்று என்று எங்களிடம் ஒன்றும் இல்லையே" என்று கணினியில் தேடினாள். "போடாமல் இருப்பதற்கு மட்டும்தான் இருக்கிறது." பிறகு, உட்காருங்கள், டாக்டரே பார்க்கட்டும் என்றாள்.

உட்கார்ந்திருந்தோம். யாழினி கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகக்கவசத்தை இழுத்துப் பிடித்திருந்தது காதில் மாட்டும் நூல் அல்ல. தலையைச் சுற்றிப் போகும் ஒரு பச்சை ரப்பர் பட்டை. அது மாமல்லபுரத்துக் கல் பட்டறையிலிருந்து வந்தது. ஜன்னலுக்கு வெளியே வானம் வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், எனக்கு ஆவணி மாதத்துக் கடல் காற்றும், தொலைவில் உளி விழும் சத்தமும் கேட்க ஆரம்பித்தன.

2

"யாட்சினி" என்று கூப்பிடுவார்கள் இங்கே. ழகரத்துக்காக நாங்கள் பாஸ்போர்ட்டில் போட்ட zh எழுத்தை ஜெர்மானியர்கள் அப்படித்தான் படிப்பார்கள். அந்த வருத்தத்தில்தான் அவளைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்தேன். அங்கே ழகரத்தை விடாமல் சொல்லிக்கொடுத்தார்கள். அதன் விளைவு, அவள் எந்த லகரத்தைக் கண்டாலும் ழகரமாக்கிவிட்டாள். காலையில் பாழ் குடித்தாள். பழ் துலக்கினாள். 

எங்கள் ஊரிலோ ழகரமே கிடையாது. திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே உள்ள எங்கள் ஊரில் மழை மயை, பழம் பயம். என் தம்பி வேதகிரிக்கு மருமகளின் பெயரும் யாயினிதான். 

"யாயினி, வாயப்பயம் துன்றியா கண்ணு?" என்பான் வீடியோவில்.

"வாழைப்பழம், மாமா."

"அத்தான் சொன்னேன். துன்றியா?"

அவளுக்குக் காது குத்துவதைப் பல வருடமாகத் தள்ளிக்கொண்டே வந்தோம். முதலில் பெருந்தொற்று, பிறகு விசா, பிறகு இந்த நோய். இங்கே நகைக்கடையில் ஒரு துப்பாக்கியால் சுட்டதுபோல் குத்தி அனுப்பிவிடுவார்கள். கிரி கேட்கவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவதா? தோடு அவள் பிறந்தபோதே வாங்கி வைத்தாயிற்று. போன ஆவணியில் போனோம். 'அடுத்த குளிர்காலம் வரை இருமல் உள்ளவர்களிடமிருந்து தள்ளி வைத்திருங்கள்' என்று நுரையீரல் மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். பெட்டியில் பாதி இடத்தை முகக்கவசங்கள் அடைத்துக்கொண்டன.

ஊருக்குப் போய் இறங்கிய அன்று சாயங்காலம், சிலை செதுக்கும் பட்டறையிலிருந்து நேராக வந்தான் கிரி. தலை, புருவம், தாடி எல்லாம் கல் மாவு. முகத்தில் ஒரு பெரிய மாஸ்க், நடுவில் வட்டமான பிளாஸ்டிக் மூடி. உள்ளே வந்ததும் இருமினான்.

நான் யாழினியை எனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். கை தானாகச் செய்தது.

3

"இன்னாக்கா, தூரவே நிக்கிறே?"

"கிரி, அந்த மாஸ்க்கு வேணாம். நான் வேற எடுத்தாந்திருக்கேன், போட்டுக்கோ."

"இதுக்கு இன்னா கொறச்சல்? உனுக்காவ புச்சு மாட்டிக்கினு வந்தேன். கல்லு மாவு கண்ணுக்கே தெரியாது, அத்தையே உள்ள வுடாது இது. கிருமிய வுட்ருமா?"

"உள்ள விடாது. வெளிய விடும். நடுவுல வட்டமா கீது பாரு, அது வால்வு. நீ மூச்சு இழுத்தா மூடிக்கும், விட்டா தொறந்துக்கும். உனக்கு அது காவல். எதிர்ல கீறவங்களுக்கு இல்ல."

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. யாழினி படுத்திருந்த மருத்துவமனை வாசலில், இதேபோல வால்வு வைத்த முகக்கவசத்தோடு வந்த ஒருவரை நிறுத்தி, வேறொன்றைக் கொடுத்து உள்ளே விட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதரும் கிரியைப் போலத்தான் நின்றார், அவமானப்பட்டு.

"அப்ப எனுக்கு நோவுன்றே."

"இருமிக்கினே இருக்கியே."

"கல்லு வேலக்காரன் இருமாம பின்ன பாட்டா பாடுவான்?"

அம்மா தேநீர் டம்ளர்களோடு வந்தாள். "எதுக்கு இந்தப் பேஜாரு? முந்தானையால மூடிக்கினா போறும். அந்த கொரோனால நான் இதோடதான் ரேசன் கடைக்குப் போயி வந்துகினு இருந்தேன். எனுக்கு இன்னா ஆயிப்போச்சு?"

"உனுக்கு ரெண்டு தபா வந்துச்சு" என்றான் கிரி.

"வந்துச்சு. போயிடுச்சு இல்ல?"

நான் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. புடவைத் துணி எச்சில் துளியைத் தடுக்கும், அதற்கும் சிறியதை விட்டுவிடும். நீலநிற மருத்துவ மாஸ்க் அதைவிடத் தேவலை, ஆனால் கன்னத்தில் இடைவெளி விடும். முகத்தோடு ஒட்டி நிற்கிற தடித்த மாஸ்க்தான் நல்லது, அதிலும் தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது. எதுவுமே முழுக்கக் காப்பாற்றாது, காற்றோட்டமும் வேண்டும். நான் பேசப் பேச, அம்மா அவள் முந்தானையையும் கிரி அவன் தாடியையும் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

"மூஞ்ச மூடுறது நல்லதுதான்" என்றாள் அம்மா, அவனைப் பார்த்து. "ஆனா இப்பிடி மூடிக்கினே திரிஞ்சா எவ இவனக் கட்டிப்பா?"

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அதற்கு முன்பே நான் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லியிருந்தேன். பாடத்தின் முடிவில், மூச்சு விடாமல்: "இந்தத் தபா என் மடியிலயே உக்காரவெச்சுக் குத்திடலாம்."

கிரி டம்ளரை எடுக்கவேயில்லை. வாசல் வரை போனவன் திரும்பி, "தோட்ட அம்மாகைல குடுத்துட்றேன்" என்றான். பைக் சத்தம் தேய்ந்து போகிற வரைக்கும் நாங்கள் நின்றிருந்தோம். யாழினி மட்டும் என் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா ஏன் போறாங்க?" என்றாள்.

மருத்துவமனையில் அவள் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் அளக்கும் கருவியின் சிவப்பு வெளிச்சம் எனக்குக் கண்ணை மூடினால் இன்னும் தெரியும். அதைத் தம்பிக்கு எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியாமல்தான் மாஸ்க்குகளைப் பற்றிப் பேசினேன் என்று நினைக்கிறேன்.

4

மறுநாளும் அவன் வீட்டுக்கு வரவில்லை, பட்டறையிலேயே தங்கிவிட்டான். அதற்கடுத்த நாள் யாழினி பிடிவாதம் பிடித்தாள். திறந்த இடம்தானே, தள்ளி நின்றால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கூட்டிப் போனேன்.

மாமல்லபுரத்துக்கு வெளியே சாலையோரம் இருக்கிறது பட்டறை. கீற்றுப் பந்தல், அதைத் தாண்டி வெட்டவெளி, சவுக்கு மரங்கள், அவற்றுக்குப் பின்னால் கடல். முற்றம் முழுக்கப் பாதி பிறந்த சிலைகள். தோள் வரை வந்து முகம் வராதவை, முகம் வந்து மூக்கு வராதவை. வெயில் அவற்றின் மேல் வெள்ளை மாவாகப் படிந்திருந்தது. தூரத்தில் அலையும் பக்கத்தில் உளியும் மாறி மாறிக் கேட்டதில், அந்த முற்றமே தூங்குகிற ஒரு பெரிய உயிர்போல எனக்குத் தோன்றியது. பயம் கொஞ்சம் விட்டது.

கிரி மல்லாந்து கிடந்த ஒரு கல்லின் மேல் குனிந்திருந்தான். ஒரு பெண்ணின் முகம். இமையைச் செதுக்கிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தான், வேலையைத் தொடர்ந்தான். இரண்டு தட்டு தட்டுவான். இமைப் பள்ளத்தில் மாவு சேரும். மாஸ்க்கைக் கழற்றாமலே குனிந்து ஃபூ என்று ஊதுவான். மாவு பறந்து, கோடு தெரியும். மறுபடி தட்டுவான்.

யாழினி என் பக்கத்தில் நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் முகக்கவசத்துக்குள் ஃபூ என்று ஊதினாள். முன்னால் பிடித்திருந்த உள்ளங்கையில் ஒன்றும் படவில்லை போலிருக்கிறது. இன்னும் பலமாக ஊதினாள்.

"மாமா, என் மாஸ்க்ழ வெளிய வரழ. உங்களுது எப்படி வருது?"

கிரியின் உளி நின்றது.

"அம்மா சொன்னாங்க. உங்க மாஸ்க்ழ ஒரு வாழ்வு இருக்கு. அது வழியா வருது."

"இன்னாது? வாய்வா?" அவனுக்கு அந்தச் சொல் அப்படித்தான் விழுந்தது. "என் மாஸ்க்குல வாய்வு கீதா? அது வயித்துல இல்ல கண்ணு இருக்கும்?"

பந்தலில் இருந்த மற்ற வேலையாட்கள் சிரித்தார்கள். யாழினி விடவில்லை. "வாய்வு இழ்ழ மாமா. வாழ்வு."

அவன் மாஸ்க்கின் முன்னால் கையை வைத்து ஊதிப் பார்த்தான். கையை எடுத்துவிட்டுக் கல்லைப் பார்த்தான், அப்போதுதான் சுத்தமாகியிருந்த இமையை.

"ஊதறதுக்கு தோதா கீதுன்னுதான் இத்த வாங்கறதே" என்றான், என்னைப் பார்க்காமல். "சாதா மாஸ்க்கு போட்டா ஒவ்வொரு தபாவும் கயட்டணும். கல்லுமேல வர்ற காத்து பாப்பா மேலயும் வரும் இல்ல. இது தோணல பாரு எனுக்கு."

"எனக்கும் இப்படிச் சொல்லத் தெரியல கிரி."

"நீ க்ளாஸ் எடுத்தே" என்றான். பிறகு மாஸ்க்குக்குள் சிரித்தான் என்று கண் சொன்னது. "மத்தியானம் சோறு கொண்டாரியா, இல்ல அதுக்கும் விசா வாங்கணுமா?"

5

திருக்கழுக்குன்றத்தில் மலையடிவார மண்டபத்தில் வைப்பதாக இருந்த காது குத்தை மாற்றினோம். பட்டறை முற்றத்தில், சவுக்குக் காற்று வீசுகிற பக்கம். சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். 'கல்லுங்க நடுவுல காது குத்தா' என்று ஒரு முணுமுணுப்பு இருந்தது. அம்மா அதை, 'அத்தினியும் சாமிதானே, எந்த மண்டபத்துல இத்தினி சாமி கீது?' என்று அடக்கினாள்.

கிரி தாடியை மழித்துவிட்டு வந்தான். பல வருடத்துக்குப் பிறகு அவன் தாடையைப் பார்த்தேன். "எத்தினி வருசமா நான் கத்துறேன். இவ ஒரு நாள் சொன்னா எடுத்துட்டான்" என்று அம்மா எல்லோரிடமும் புகார் சொன்னாள், சந்தோஷமாக.

நான் கொண்டுவந்த மாஸ்க் அவன் அகன்ற முகத்துக்குப் பொருந்தவில்லை. ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு நின்றது. அதனால் புதிதாக ஒரு பட்டறை மாஸ்க்கை எடுத்து, அதன் வால்வின் மேல் உள்ளும் புறமும் பிளாஸ்டர் ஒட்டி, அதற்கு மேல் என்னுடைய நீல மாஸ்க்கையும் கட்டிக்கொண்டான். ஆவணி வெயில். மூச்சு இழுக்கும்போது அவன் தோள் ஏறி இறங்கியது.

இன்னொரு சிக்கல் இருந்தது. குத்திய காதில் மாஸ்க்கின் நூலை எப்படி மாட்டுவது? ஸ்டுட்கார்ட்டிலிருந்து இத்தனை யோசித்துப் பெட்டி கட்டிய எனக்கு இது தோன்றவேயில்லை. கிரி ஒரு பழைய மாஸ்க்கின் பச்சை ரப்பர் பட்டையை அறுத்து, அவளுடைய மாஸ்க்கில் தைத்து, தலையைச் சுற்றி மாட்டிவிட்டான்.

காது குத்த வந்த பத்தர் மாஸ்க்கைத் தாடிக்குக் கீழே இறக்கிவிட்டிருந்தார்.

"பத்தரே, தாடிக்கு இன்னா ஜுரமா?" என்றான் கிரி.

"ஒனுக்குத்தான் தாடியே இல்லியே, நீ பேசாத" என்று சொல்லிவிட்டு மேலே ஏற்றிக்கொண்டார்.

யாழினி மாமன் மடியில் உட்கார்ந்தாள். முதல் காது ஆனது. கத்தினாள், கிரி இரண்டு கையாலும் அவளை அணைத்துக்கொண்டான். இரண்டாவது காதுக்குப் பத்தர் குனிந்தபோது, கிரியின் முகம் மாறியது. அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். அவன் கண்ணாலேயே வேண்டாம் என்றான். தலையைக் கடல் பக்கம் திருப்பினான். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கட்டி, மழித்த கன்னத்தில் வழிந்து மாஸ்க்குக்குள் போனது. அவன் மார்பு குலுங்கியதில் மடியிலிருந்த குழந்தையும் குலுங்கினாள். பத்தர், "ஆட்டாத, ஆட்டாத" என்றார். சவுக்கு மரங்கள் இரைந்தன. மூக்கு வராத சிலைகள் எல்லாம் அவனோடு சேர்ந்து மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதுபோல் இருந்தது எனக்கு.

தோடு ஏறியது. கிரி அவளை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினான். சவுக்குத் தோப்புக்குள் நீண்ட நேரம் இருமும் சத்தம் கேட்டது.

யாழினி அழுகையை நிறுத்திக் கேட்டாள்: "மாமாவுக்கும் காது குத்தினாங்களா?" பிறகு பாட்டியிடம் போய், மிகச் சரியாக உச்சரித்துச் சொன்னாள்: "மாமா எனக்காக வாழ்வை மூடிட்டாங்க."

அம்மா அவள் வாயைப் பொத்தினாள். "அப்பிடில்லாம் சொல்லக் கூடாது கண்ணு."

நாங்கள் கிளம்பும் வரை அந்தப் பிளாஸ்டரை அவன் எடுக்கவில்லை. நடுவில் ஒரு காலை யாழினி தும்மினாள். எனக்கு உலகமே நின்றது. விரலில் கருவியை மாட்டி, எடுத்து, மறுபடி மாட்டி, அன்று முழுக்க அவளை விடவில்லை. அது சாம்பிராணிப் புகை என்றாள் அம்மா. இருக்கலாம். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. காப்பாற்றியது கிரியின் பிளாஸ்டரா, என் தடித்த மாஸ்க்கா, கடல் காற்றா, அல்லது அந்த இருமல் வெறும் கல் மாவுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோலப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

6

இங்கே வந்து சேர்ந்து சில நாள் கழித்துக் கிரி வீடியோவில் வந்தான். பட்டறை. பின்னால் அதே பெண் முகம், இப்போது இரண்டு இமையும் முடிந்து. அவன் முகத்தில் அதே மாஸ்க், அதே பிளாஸ்டர், ஓரம் அழுக்கேறி.

"இன்னும் எடுக்கலியா நீ?" என்றேன். "அதோட எப்படிடா வேல செய்யறே?"

"பேஜாராதான் கீது. ஊதவே முடில. தொடப்பம் வெச்சு கூட்டிகினு கீறேன் சாமி கண்ண." அவன் என்னோடு பேசவில்லை, எனக்குப் பின்னால் தேடினான். "பாப்பா எப்டி கீது? ஜுரம் கிரம் வர்ல இல்ல?"

யாழினி வந்து காதைக் காட்டினாள். புண் ஆறியிருந்தது. 

"அப்போ," என்றான் கிரி, "வாய்வ தொறந்துக்கவா?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள், ஒரு மருத்துவரைப் போல. "வாழ்வு, மாமா."

"அத்தான். தொறந்துக்கவா?"

"தொறந்துக்கோங்க."

பிளாஸ்டர் கிழிபடும் சத்தம் அங்கிருந்து இங்கே வரை கேட்டது. அவன் திரும்பிக் குனிந்து சிலையின் கண்ணில் ஊதினான். வெள்ளையாக ஒரு புகை எழுந்து திரை முழுக்கப் பரவியது.

7

நேற்று டாக்டர் யாழினியின் முதுகில் கருவியை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு எனக்குச் சான்று எதுவும் எழுதித் தரவில்லை. "நுரையீரல் சுத்தமாக இருக்கிறது. வகுப்பில் இனி வேண்டாம். இங்கே மாதிரி நோயாளிகள் நிறைந்த இடத்துக்கு வந்தால் போட்டுக்கொள்ளட்டும்" என்றார். கதவருகில், தணிந்த குரலில், "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்ற வாக்கியம் எனக்கு ஜெர்மனில் நன்றாகவே வரும். நேற்று வரவில்லை.

வீட்டுக்கு வந்தும் யாழினியிடம் இதைச் சொல்லவில்லை. அவள் அங்கேயேதான் இருந்தாள், என்னைவிட நன்றாக அவளுக்கு ஜெர்மன் புரியும். ஆனாலும் நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இன்று காலை வழக்கம்போலப் பச்சைப் பட்டை வைத்த முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வந்தாள்.

டிராமிலிருந்து இறங்கிப் பள்ளிக்கு நடந்தோம். இரவில் விழுந்த பனி இன்னும் அழுக்காகவில்லை. வாசலில் குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அவள் நின்றாள். என் கோட்டை இழுத்தாள். மாமனின் குரலில், மாமனின் இழுப்போடு, அவள் இதுவரை ஒருமுறைகூடத் தவறவிடாத ழகரத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டுக் கேட்டாள்:

"அம்மா, வாய்வ தொறந்துக்கவா?"

அங்கே கிரி எத்தனை நாள் துடைப்பத்தால் தூசியைக் கூட்டிக்கொண்டு இவள் வார்த்தைக்காகக் காத்திருந்தான் என்று நினைத்தேன். இவளும் இங்கே காத்திருந்திருக்கிறாள், என் வார்த்தைக்கு. இத்தனை வருடம் இந்த ஊரில் கவனமாகப் பேசிப் பழகிய என் வாயில், எங்கள் ஊர்ப் பேச்சுதான் வந்தது.

"தொறந்துக்கோ கண்ணு."

பட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக் கழற்றி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். காதில் தோடு மின்னியது. அந்தக் குளிரில் வாயைக் குவித்து, ஃபூ என்று ஊதினாள். வெள்ளையாக, அடர்த்தியாக, ஒரு சிறிய மேகம் அவள் வாயிலிருந்து வந்து எனக்கும் அவளுக்கும் நடுவே நின்றது. ஓராண்டாகக் காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததை இன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அது கலையும் முன்பே அவள் அதற்குள் புகுந்து ஓடிவிட்டாள்.